குலைநோய்க்கு ஒரு சிப்பம் கணக்கு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டே பேச்சு. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், சம்பாவுக்கு என்ன விதை. இந்த முறை சித்தப்பா மகன் கேட்டது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. "அண்ணே, ரகத்தை மாத்துறதா? இல்ல பிபிடியையே போட்டுட்டு மருந்துக்குக் காசு எடுத்து வெச்சுக்கிறதா? ரெண்டுல எது மிச்சம்?" பிபிடி என்பது அவன் வழக்கமாகப் போடுகிற சன்ன நெல் ரகம்.

போன தையில் அவன் வயலில் கழுத்துக் குலைநோய் விழுந்தது, நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோய். கதிர் வெளியே வந்து, மணி பிடித்துத் தலை சாய வேண்டிய நேரத்தில், கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கியது. அறுவடை மெஷினுக்குப் பின்னால் பறந்ததில் மணி பிடிக்காத கருக்காயே அதிகம். அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பதில் ஒரு வரியில் முடிகிற மாதிரி இல்லை.

முதலில் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்வோம். ரூபாயில் கணக்குப் போட்டால் எல்லாமே சின்னச் செலவாகத் தெரியும். முந்நூறு ரூபாய்ப் பாக்கெட்டுதானே என்று கை நீளும். நெல்லில் போட்டால்தான் உறைக்கும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ பிடிக்கிற மூட்டையைச் சிப்பம் என்போம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2369 ரூபாய், சன்னத்துக்கு 2389. மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்ந்தால் 2500, 2545. பொது ரக விலையை எடுத்துக்கொண்டால் ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். வாய்ப்பாடே தேவையில்லை. இனி எந்தச் செலவையும் "இது எத்தனை சிப்பம்?" என்று கேட்டுக்கொள்ளலாம். கீழே மருந்து விலை, கூலி என்று நான் சொல்வதெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. செலவழிக்கும் முன்னால் அது குலைநோய்தானா என்று பார்க்க வேண்டும். வெளுத்து நிற்கிற கதிரையெல்லாம் குலைநோய் என்று எண்ணி மருந்தடித்தவர்களை எனக்குத் தெரியும். கதிரைப் பிடித்து மேலே இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடுகிறதா? அது தண்டுத்துளைப்பான், அதாவது குருத்துப்பூச்சி வேலை, உள்ளே புழு கடித்திருக்கும். இழுத்தால் வராமல், கழுத்துக் கணுவில் கறுப்பும் பழுப்புமாகக் கருகி ஒடிந்தால் அது குலைநோய். இலையில் வருவதும் அப்படித்தான். நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு, இரண்டு முனையும் கூராகத் தறியில் ஓடும் நாடா மாதிரி இருந்தால் குலைநோய். எள் மாதிரி சின்னச் சின்ன வட்டப் புள்ளி என்றால் செம்புள்ளி. அது மண் மெலிந்ததன் அடையாளம். இலையின் நுனியிலிருந்து ஓரத்தோடு அலை அலையாகக் காய்ந்து வந்தால் பாக்டீரியா கருகல். அதற்குக் குலைநோய் மருந்து எதுவும் கேட்காது. முன்பெல்லாம் அதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்தடிப்பார்கள். மனிதனுக்குக் கொடுக்கிற மருந்தை வயலில் கொட்டக்கூடாது என்று 2024 ஜனவரி முதல் அதன் பயன்பாட்டுக்கே தடை. வேளாண் பல்கலைக்கழகம் அதற்குச் சொல்கிற மாற்று, புதுச் சாணத்தைக் கரைத்து வடிகட்டிய இருபது சதவீதக் கரைசல். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்தக் கரைசலுக்குச் செலவு கூலி மட்டும்தான்.

பூஞ்சை என்ன செய்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்துகளை ஒப்பிட முடியாது என்பதால் கொஞ்சம் நிற்கிறேன்.

குலைநோய்ப் பூஞ்சையின் வித்து காற்றில் வந்து இலைமேல் உட்காருகிறது. இலை இரவு முழுக்க ஈரமாக இருந்தால் முளைக்கிறது. மார்கழிப் பனியும் மூடிய வானமும் அதற்குத் தோதானவை. முளைத்ததும் ஒரு குமிழ் கட்டுகிறது. அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமியைப் பூசுகிறது. நம் தலைமுடிக்குக் கறுப்பு கொடுக்கிற அதே வகைப் பொருள்தான். பூச்சு முடிந்ததும் குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. காற்று மண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரைக்கும் ஏறும் என்று அளந்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது இரண்டு மடங்குதான். அந்த அழுத்தத்தில் ஓர் ஊசி முனையை இறக்கி இலைத்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது.

ட்ரைசைக்ளசோல் என்கிற மருந்து, கடையில் நாம் பீம் என்று பெயர் சொல்லிக் கேட்டுப் பழகியது, பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. பூச்சு இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது. குத்த முடியாமல் பூஞ்சை வெளியிலேயே கிடந்து வீணாகிறது. அதனால்தான் இது உள்ளே போவதற்கு முன்னால் அடிக்க வேண்டிய மருந்து. கழுத்து கறுத்த பிறகு அடித்தால் திருடன் போன பிறகு கதவுக்குத் தாழ் போட்ட கதை. பல வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம் நானே அதைச் செய்தேன். கதிரெல்லாம் ஒடிந்து நிற்கும்போது மருந்துக்கடைக்காரர் "இரண்டு தடவை அடிங்க, நின்னுடும்" என்றார். நின்றது, வயலில் இனி ஒடிய எதுவும் இல்லாததால். நாலு ஏக்கருக்கு இரண்டு முறை மருந்தும் கூலியும் போனதுதான் மிச்சம்.

முதல் வழி: மருந்தை நம்பிப் பிபிடி

பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி, ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து 1986-இல் வந்தது. பிபிடி என்ற எழுத்தே பாபட்லாவின் சுருக்கம்தான். ஏடிடி என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், டிகேஎம் என்றால் திரூர்க்குப்பம். ரகத்தின் பெயரிலேயே ஊர் விலாசம் இருக்கிறது. சோறு சன்னம், வாசலுக்கே வியாபாரி வருவான், வீட்டில் பெண்களும் இதைத்தான் கேட்பார்கள். குலைநோய்க்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிற ரகம். பாக்டீரியா கருகலைத் தாங்கும்படி இதைத் திருத்தி 2008-இல் மேம்படுத்திய சம்பா மசூரி என்று ஒன்று வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு அது குலைநோயையும் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. தாங்காது, அதில் சேர்த்த மூன்று மரபணுக்களும் கருகலுக்கானவை.

ட்ரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள், லேபிள்படி ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிராம். ஏக்கருக்கு 120 முதல் 160 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க். எங்கள் ஆட்கள் எட்டு டேங்கில் முடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். பாக்கெட்டுக்கு 300, விசைத்தெளிப்பான் ஆளுக்கு 500 என்று வைத்தால் ஒரு தடவைக்கு 800. முக்கால் சிப்பத்துக்கு மேல். பொதி கட்டும்போது (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும் பருவம்) ஒன்று, பாதிக் கதிர் வெளிவந்ததும் ஒன்று என்று இரண்டு அடித்தால் 1600, ஒன்றரைச் சிப்பத்துக்குக் கொஞ்சம் கூட.

இது மிச்சமா? ஏக்கருக்கு 50 சிப்பம் காண்கிற வயல் என்போம். நாலு வருடத்தில் ஒரு வருடம் நோய் முற்றிக் கால்வாசி போகிறது என்று வையுங்கள். அந்த வருடம் ஏறக்குறைய 12 சிப்பம் நட்டம். நாலு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 3. மருந்து அதில் முக்கால் பங்கைக் காப்பாற்றினால் இரண்டேகால் சிப்பம் திரும்புகிறது. போட்டது 1.6. ஆக, பிபிடி போட்டு, நோய் அடிக்கடி விழுகிற பகுதியில் இருந்தால், பருவம் பார்த்து அடிக்கிற மருந்துக்குக் காசு திரும்பும். மருந்தே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. எனக்கும் முழுக்கப் பிடிக்கவில்லைதான், ஆனால் எண்ணை மறைக்க முடியாது.

கணக்கு மாறுவது எங்கே என்றால், நாலில் ஒன்று என்பது எட்டில் ஒன்று ஆகும்போது. அப்போது நட்டம் வருடத்துக்கு ஒன்றரைச் சிப்பம், மருந்து மீட்பது ஒன்றேகால் கூட இல்லை, போடுவது அதே 1.6. தப்பாமல் இரண்டு முறை அடிப்பவன் தன் காசை வயலில் விடுகிறான். உங்கள் வயல் எந்தக் கணக்கில் வரும் என்பது மருந்துக்கடையில் தெரியாது. கடந்த எட்டுப் பத்து வருடத்தில் எத்தனை தடவை கழுத்து ஒடிந்தது என்று நீங்கள்தான் எண்ண வேண்டும். அப்பாவைக் கேளுங்கள், நினைவிருக்கும்.

சிப்பத்தில் அளக்க முடியாதது

மருந்தின் விலையில் சேராத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, காத்திருப்புக் காலம். ட்ரைசைக்ளசோலுக்குக் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே 30 நாள் இடைவெளி வேண்டும். நெல்லுக்குப் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். அதாவது பாதிக் கதிர் வெளிவந்தபோது அடித்தால் சரியாகப் பொருந்தும். பால் பிடித்த பிறகு பயந்துபோய் அடிக்கிற அந்த ஒரு டேங்க், நோய்க்கும் உதவாது, எச்சத்தை மட்டும் நெல்லிலும் வைக்கோலிலும் விட்டுவிட்டுப் போகும். அந்த வைக்கோலைத் தின்பது நம் மாடு. ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் இந்த மருந்தின் அனுமதி அளவைக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமிலிருந்து 0.01 ஆக 2018-இல் இறக்கியதும் பாசுமதி ஏற்றுமதி ஆட்டம் கண்டது. பஞ்சாப் அரசு 2022-இல் பாசுமதிக்காகப் பத்து மருந்துகளின் விற்பனையை 60 நாள் நிறுத்தியது. ட்ரைசைக்ளசோலும் கார்பென்டசிம் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் அந்தப் பட்டியலில் இருந்தன. கார்பென்டசிம், மத்திய அரசு 2020 மே மாதம் தடை செய்யலாம் என்று வரைவு வெளியிட்ட 27 மருந்துகளிலும் ஒன்று. நம் சம்பா ஐரோப்பாவுக்குப் போவதில்லை, நம் பிள்ளைகள் தட்டுக்குத்தான் போகிறது. அதற்காக அளவைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, அடிக்கிற ஆள். நிலத்துக்காரன் வரப்பில் நிற்கிறான். சொந்த நிலம் இல்லாத ஒருவர் டேங்கை முதுகில் கட்டி வயலில் இறங்குகிறார். மருந்து அடிக்கிற பருவத்தில் அவர் இன்று என் வயல், நாளை உங்கள் வயல், நாளன்றைக்கு மூன்றாமவர் வயல். நமக்கு வருடத்துக்கு இரண்டு தெளிப்பு. அவருக்கு வாரம் முழுக்க. மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே அடித்தது பூச்சி மருந்து, நாம் பேசுவது பூஞ்சை மருந்து, வீரியம் வேறுதான். ஆனால் எங்கள் பக்கம் பூஞ்சை மருந்தைத் தனியாக அடிப்பவர் குறைவு. "ஆள் வந்ததுதான் வந்தார், குருத்துப்பூச்சிக்கும் சேர்த்து அடிச்சிடுங்க" என்று இரண்டையும் ஒரே டேங்கில் கலக்கிறோம். லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி முக்கோணம் என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. கலந்தால் டேங்கின் நிறம் அதிலுள்ள மோசமான மருந்தின் நிறம்தான்.

மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பு இல்லை. நனைந்த துண்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலில் தேய்க்கும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம், காற்றுக்கு முதுகு காட்டி நடப்பது, ஒழுகாத டேங்க். இதற்கு ஆகும் செலவை நான் கூலியோடு சேர்த்தே கொடுக்கிறேன், அதனால் என் கணக்கில் ஒரு தெளிப்பு ஒரு சிப்பத்தைத் தொட்டுவிடுகிறது. ட்ரோனில் ஏக்கருக்கு 10 லிட்டரில் முடிகிறது, முதுகில் சுமக்க ஆள் வேண்டாம். அந்த வகையில் அது நல்லது. ஆனால் 200 லிட்டரில் கரைய வேண்டிய மருந்து பத்து லிட்டரில் வருகிறது. காற்று கொஞ்சம் திரும்பினாலும் பக்கத்து வயலின் உளுந்துக்கோ வாய்க்காலுக்கோ போய்விடும். அசாக்சிஸ்ட்ரோபின் போன்ற பூஞ்சை மருந்துகள் மீனுக்கு ஆகவே ஆகாது. வாய்க்காலும் வயலும் ஒட்டிக்கிடக்கிற ஊரில் இதை யோசிக்காமல் முடியாது.

இரண்டாம் வழி: சூடோமோனாஸ்

இது பாக்டீரியா. வேரிலும் இலையிலும் குடியேறி, கெட்ட பூஞ்சைக்கு இடம் கொடுக்காமல் நிற்கும். பயிரையும் கொஞ்சம் உசுப்பிவிட்டு எதிர்ப்புக்குத் தயாராக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற முறை இது: விதைக் கிலோவுக்கு 10 கிராம், கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, வடித்து, முளை கட்டி விதைப்பது. ஏக்கர் நாற்றுக்கு ஒரு கிலோவைச் சின்னப் பாத்தித் தண்ணீரில் கரைத்து வேரை அரை மணி நேரம் நனைப்பது. நட்ட பிறகு ஒரு கிலோவை எருவோடு கலந்து வயலில் தூவுவது. கடைசியாக, லிட்டருக்கு 5 கிராம் இலைவழித் தெளிப்பு.

கிலோ 150 ரூபாய் என்றால் விதை, நாற்று, வயல் மூன்றுக்கும் சேர்த்து 350 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கூலி தனியாகக் கிடையாது, அந்த வேலைகளை எப்படியும் செய்கிறோம். மூன்றில் ஒரு சிப்பம். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமே இல்லை. தெளிப்பு மட்டும் வேறு. மருந்து 150, கூலி அதே 500. கொல்லைக்குக் கொல்லை பலன் வித்தியாசப்படுகிறது. நோய் வேகமெடுத்த வயலில் இதை மட்டும் நம்பி நிற்க நான் துணியமாட்டேன். கூலிதான் பெரிய செலவு என்றால், அந்தக் கூலிக்கு வலுவுள்ள மருந்தை ஏற்றுவதுதான் கணக்குக்குச் சரி. இயற்கை முறையில் விளைவித்து அதற்கென விலை வாங்குபவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது.

தூள் பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். உயிருள்ள சரக்கு. மூன்று நாலு மாதத்துக்கு மேல் ஆனது, வெயிலில் கிடந்தது என்றால் வெறும் டால்க் பவுடரைத்தான் வயலில் தூவுகிறீர்கள்.

மூன்றாம் வழி: ரகத்தை மாற்றுவது

நூறு வருடத்துக்கு முன் தஞ்சைக்கு இதே கேள்வி வந்தது. இந்தியாவில் குலைநோய் பெரிய அளவில் அழிவு செய்ததாகப் பதிவான முதல் இடமே தஞ்சைக் கழிமுகம்தான், 1919-இல். மருந்தே இல்லாத காலம். 1912-இல் தொடங்கியிருந்த கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்குக் கொடுத்த விடை, தாங்கும் ரகம். கோ 4 நோயைத் தாங்கியது. அதை ஏடிடி 10-உடன் ஒட்டுக்கட்டி கோ 25 வந்தது. நம் தாத்தாக்கள் மருந்துக் கடையைப் பார்க்காமலே குலைநோயைக் கடந்தது இப்படித்தான்.

இப்போது கையில் இருப்பது என்ன? குறுகிய காலத்துக்குக் கோ 51, 2013-இல் வந்தது, 105 முதல் 110 நாள். சம்பாவுக்கு டிகேஎம் 13, 2015, 130 நாள், பிபிடி போலவே சன்னம். இரண்டுக்கும் குலைநோய்க்கு மிதமான எதிர்ப்பு உண்டு என்பதுதான் சொல்லப்பட்டிருக்கிறது. மிதமான என்ற சொல்லைக் கவனியுங்கள். இலையில் புள்ளி வரும், பரவுவது மெதுவாக இருக்கும், கழுத்து மொத்தமாக ஒடியாது. நோய் வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை.

செலவு? விதை எப்படியும் வாங்க வேண்டும். ஆகவே கூடுதல் செலவு சுழியம். இழப்பது எங்கே என்றால் விற்கிற இடத்தில். கொள்முதல் நிலையத்தில் போட்டால் இரண்டும் சன்னம், ஒரே விலை. வியாபாரியிடம் போனால் பிபிடி என்ற பெயருக்கு ஒரு தனி மதிப்பு; சில வருடம் கூட்டிக் கொடுப்பான், சில வருடம் வாயே திறக்கமாட்டான். எனவே தம்பியிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்கடா போடுற?" என்பதுதான். அவன் கொள்முதல் நிலையத்தில் போடுகிறவன். அவன் பிபிடி போட்டுக்கொண்டிருப்பதற்குப் பழக்கத்தைத் தவிரக் காரணம் இல்லை. ஒன்றரைச் சிப்பத்தை வருடாவருடம் பழக்கத்துக்குக் கொடுக்கிறான்.

தாங்கும் ரகமும் நிரந்தரம் இல்லை. பூஞ்சை உருமாறிக்கொண்டே இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே ரகம் ஐந்தாறு வருடம் நின்றால் அதை உடைக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் இப்போது ஒன்றுக்கு இரண்டு மரபணுவாகச் சேர்க்கிறார்கள். 2021-இல் வந்த பூசா பாசுமதி 1847-இல் குலைநோய்க்கு இரண்டு, கருகலுக்கு இரண்டு. அந்த வசதி சம்பா மசூரிக்கு இணையாக நம் கடைத்தெருவுக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

சீனாவின் யுன்னானில் வேறொன்று செய்தார்கள். நோய்க்கு இளகிய ஒட்டரிசி நெல்லை, தாங்கும் வீரிய ஒட்டு ரகத்தின் வரிசைகளுக்கு நடுவே நட்டார்கள். 1998, 99 இரண்டு வருடமும் ஆயிரக்கணக்கான ஏக்கரில். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் அந்த இளகிய நெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. பூஞ்சை மருந்துத் தெளிப்பையே நிறுத்திவிட்டார்கள். கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் கையால் அறுத்து இரண்டு நெல்லையும் தனித்தனியே பிரித்தெடுத்தவர்கள். அறுவடை மெஷின் ஓடுகிற வயலில் அது நடக்காது. வேண்டுமானால் வயலுக்கு வயல் ரகத்தை மாற்றிப் போடலாம், அந்த அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

காசு கேட்காத வழி

யூரியா மூட்டை 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. கால் சிப்பத்துக்குக் கொஞ்சம் கூட. வயலுக்கு வாங்குகிற பொருளில் இதைவிட மலிவு எதுவும் இல்லை. அதனாலேயே இதை அள்ளிக் கொட்டுகிறோம். பயிர் கரும்பச்சையாக நின்றால் பார்ப்பவர் பாராட்டுவார்கள். பூஞ்சைக்கும் அந்தப் பச்சைதான் பிடிக்கும். தழைச்சத்து மிஞ்சிய இலை மெல்லிசு, சாறு அதிகம், பயிர் அடர்ந்து உள்ளே ஈரம் காயாது.

டெல்டாவில் மத்திய, நீண்ட கால ரகத்துக்குப் பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. எல்லாவற்றையும் யூரியாவாகவே போட்டாலும் 130 கிலோ, மூன்று மூட்டைக்கும் குறைவு. அடியுரமாகத் தழைச்சத்தும் கலந்த டிஏபி உரம் போட்டால் அதிலும் கழியும். இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னி மாதிரி ரகத்துக்கு எண் 3-க்கும் மற்றவற்றுக்கு 4-க்கும் கீழே வெளுத்தால் மட்டும் மேலுரம் போடச் சொல்கிறார்கள். இந்த அட்டையைப் போல மலிவாகக் குலைநோயைக் குறைக்கிற சாதனம் எனக்குத் தெரிந்து இல்லை. உமிச்சாம்பலை நாற்றங்காலில் தூவுகிற பழைய பழக்கத்திலும் விஷயம் உண்டு. அதிலுள்ள சிலிக்கா இலைத்தோலை இறுக்குகிறது, ஊசி இறங்குவது கடினமாகிறது. இதைப் பாட்டி சொல்லியபோது நாங்கள் கேட்கவில்லை.

பயிர்க் காப்பீடு பற்றியும் தம்பி கேட்டான். சம்பாவுக்கு நம் பங்கு ஒன்றரை சதவீதம்தான், கட்டலாம். ஆனால் இழப்பைக் கணக்கிடுவது கிராம அளவில் அறுவடைப் பரிசோதனை வைத்து. புயல், வெள்ளம் என்றால் ஊரே சேர்ந்து விழும். குலைநோய் உன் வயலில் விழுந்து என் வயலில் விழாமல் போகும். அதை நோய்க்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

அவனுக்குச் சொன்னது

கொள்முதல் நிலையத்தில் போடுகிறவன், மூன்று வருடத்தில் இரண்டு முறை நோய் பார்த்தவன், கூலி ஆள் கிடைக்காமல் அலைகிறவன். அவனுக்கு டிகேஎம் 13, சூடோமோனாஸ் விதையோடும் நாற்றோடும், மேலுரத்துக்கு அட்டை. தெளிப்புக்கென்று காசு ஒதுக்க வேண்டாம். தூர் கட்டும்போது இலையில் நாடாப் புள்ளி பரவுவது தெரிந்தால் மட்டும் பொதிப் பருவத்தில் ஒரு முறை. சொந்த வியாபாரி வைத்துக்கொண்டு பிபிடிக்குச் சிப்பத்துக்கு இருநூறு கூடுதலாக வாங்குகிறவருக்கு இதே பதிலைச் சொல்லமாட்டேன். ஐம்பது சிப்பத்துக்குப் பத்தாயிரம் கூட வருகிற இடத்தில் இரண்டு தெளிப்பு அவருக்குக் கட்டும், 30 நாள் கணக்கைப் பார்த்து அடிக்கும்வரை.

நான் என்ன செய்யப் போகிறேன்? மூன்று ஏக்கர் டிகேஎம் 13. வாய்க்காலை ஒட்டாத மேட்டு ஏக்கரில் பிபிடி, அம்மாவுக்கு வேறு சோறு இறங்காது. அந்த ஒரு ஏக்கருக்குப் பொதி கட்டும் வாரம் ஒரு பாக்கெட் வாங்குவேன். இரண்டாவது பாக்கெட்டை முன்கூட்டி வாங்கி வீட்டில் வைப்பதில்லை. பாதிக் கதிர் வெளிவருகிற அன்றைக்கு விடியலில் வரப்பில் நடப்பேன். ஒன்பது மணிக்கும் வேட்டி நனைந்தால் கடைக்குப் போவேன், காய்ந்திருந்தால் டீக்கடைக்கு.